தொட்டியின் அடியில் ஓர் ஓட்டை



பொங்கலுக்கு மறுநாள் பழைய மாணவன் ஒருவன் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்காரும் முன்பே, "டீச்சர், நாங்க கொடுத்த அடீனியம் எங்கே?" என்று கேட்டான். "மாடியில இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போய்விட்டேன். மாடியில் இருந்தது உண்மை. ஆனால் அவன் பார்த்தால் அடையாளம் தெரியாத நிலையில் இருந்தது. அதைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. இன்று எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

2012-ல் என் பணி நிறைவு விழாவில், பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கிக் கொடுத்த செடி அது. அப்போது பென்சில் பருமன்தான் இருந்தது. பதின்மூன்று வருடத்தில் அடித்தண்டு யானைக்கால் போலப் பருத்து, பங்குனி, சித்திரையில் இலை தெரியாமல் பூக்கும். இரண்டு முறை பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. போன ஐப்பசியில், இனி இதற்கு ஒரு மரியாதையான இடம் வேண்டும் என்று நினைத்து, மானாமதுரை மண்தொட்டி ஒன்று வாங்கி அதில் மாற்றி வைத்தேன். கார்த்திகை முடிவதற்குள் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. தண்டை விரலால் அழுத்தினேன். அளவுக்கு மீறிப் பழுத்த பப்பாளி போல விரல் உள்ளே போனது. அழுகல்.

மண்தொட்டிதான் இந்தச் செடிகளுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியிருக்க, பிளாஸ்டிக்கில் பிழைத்தது மண்தொட்டியில் ஏன் செத்தது? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பாடப்புத்தகத்தில் விடை இல்லாத கேள்வி வந்தால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். கிரேக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த தியோஃப்ராஸ்டஸ், அரிஸ்டாட்டிலின் மாணவர், தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். பாரசீகப் பக்கத்து நார்த்தை மரத்தைப் பற்றிச் சொல்லும்போது, பேரீச்சையைப் போல அதையும் ஓட்டை போட்ட சட்டிகளில் நடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். தொட்டியின் அடியில் ஓட்டை போடுவது அன்றைக்கே சாதாரண வழக்கமாக இருந்திருக்கிறது.

அவருக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ரோமானியரான பிளினி அதே மரத்தைப் பற்றி எழுதினார். பல நாட்டவர் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோக மண்சட்டிகளில் வைத்து முயன்றார்கள் என்றும், அந்தச் சட்டிகளில் துளை விட்டது வேர் மூச்சு விடுவதற்காக என்றும் சொல்கிறார். இதைப் படித்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். தண்ணீர் வடியத்தான் ஓட்டை என்று நாம் நினைக்கிறோம். பிளினி மூச்சைச் சொல்கிறார்.

அந்தப் பிளினி கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனார். அதே வெடிப்பில் சாம்பலுக்குள் புதைந்த பொம்பேய் நகரத்துத் தோட்டங்களை 20ஆம் நூற்றாண்டில் வில்ஹெல்மினா யாஷெம்ஸ்கி என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் அகழ்ந்து ஆராய்ந்தார். அங்கே செடி வைத்த மண்சட்டிகள் கிடைத்தன. அடியில் ஓர் ஓட்டை, பக்கங்களிலும் ஓட்டைகள். தண்ணீர் வடிய அடியில் ஒன்று போதுமே, பக்கவாட்டில் எதற்கு? பிளினி சொன்ன காரணத்தை வைத்துப் பார்த்தால் விளங்குகிறது.

நம் ஊர்ப் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் ஓட்டை கிடையாது. ஆனாலும் மூச்சு உண்டு. கோடையில் மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று ஏழாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். சுட்ட களிமண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே நீர் கசிந்து வெளிப்பக்கம் ஆவியாகிறது. பானை வேர்க்கிறது என்கிறோமே, அதுதான். பூந்தொட்டியும் அப்படியே வேர்க்கிறது. சுவர் முழுவதுமே சன்னல்.

இனி செடியின் கதைக்கு வருகிறேன்.

1761-ல் டென்மார்க் மன்னர் அரேபியாவுக்கு ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பினார். ஆறு பேர் போனார்கள். 1767-ல் திரும்பி வந்தவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவர்தான். குழுவின் தாவரவியலாளர் பேட்டர் ஃபோர்ஸ்கால், 1763-ல் ஏமன் நாட்டில் மலேரியாவுக்குப் பலியானார். அவர் விட்டுப்போன குறிப்புகளை நீபூர் 1775-ல் அச்சிட்டார். அதில் ஒரு செடிக்கு, கொழுத்த அரளி என்று பொருள்படும்படி லத்தீனில் பெயர் வைத்திருந்தார் ஃபோர்ஸ்கால். நம் அடீனியம்தான் அது. பின்னால் வந்தவர்கள் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து அடீனியம் என்றார்கள். அரளியின் உறவு என்று அவர் கண்டது சரி. அரளியைப் போலவே இதன் பாலும் விஷம். வெட்டினால் கையை நன்றாகக் கழுவுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பாறை இடுக்குகளில், பல மாதம் மழை இல்லாமல் நிற்கும் செடி இது. கிடைத்த நீரைத் தண்டில் சேர்த்து வைத்துக்கொள்ளும். கற்றாழை இலையில் சேர்க்கிறது, கள்ளி உடம்பில் சேர்க்கிறது. எல்லாம் ஒரே தந்திரம்.

இந்த மாதிரிச் செடிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனபோது தோட்டக்காரர்கள் திண்டாடினார்கள். குளிர், மழை, இருட்டு. அவர்களில் கூர்மையாகக் கவனித்தவர் லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்தை 1722 முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கவனித்துக்கொண்ட ஃபிலிப் மில்லர். 1731-ல் அவர் வெளியிட்ட தோட்டக்கலை அகராதி அந்தக் காலத்துத் தோட்டக்காரர்களுக்கு வேதம் மாதிரி. கள்ளித் துண்டுகளை வெட்டினால் உடனே நடாதீர்கள், காயம் ஆறும்வரை உலர்ந்த இடத்தில் போட்டு வையுங்கள் என்பது அவர் சொன்ன யோசனை. பூஞ்சை, நுண்ணுயிரி என்ற அறிவெல்லாம் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கண்ணால் பார்த்தே இதைப் பிடித்திருக்கிறார். ஈர மண்ணும் திறந்த காயமும் சேரக்கூடாது.

அடுத்து வியன்னா. அங்கே ஷோன்ப்ரூன் அரண்மனைத் தோட்டத்தில் 1780-ல் தலைமைத் தோட்டக்காரர் நோய்ப்பட்டிருந்தபோது, ஒரு குளிர் இரவில் கண்ணாடி வீட்டுக்குக் கணப்பு மூட்ட மறந்துவிட்டார்கள். அரிய செடிகள் பல ஒரே இரவில் போயின. இழந்ததை ஈடுசெய்யப் பேரரசர் இரண்டாம் ஜோசப் தேடல் குழுக்களை அனுப்பினார். 1786-ல் ஃபிரான்ஸ் போஸ், கேயோர்க் ஷோல் இருவரும் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குப் போனார்கள். அப்படி வந்து சேர்ந்தவற்றில் ஒன்று ஃபோக்கியா. பெரிய கிழங்கு போன்ற அடியும் அதிலிருந்து ஏறும் மெல்லிய கொடியுமாக இருக்கும். அதன் பிறகு நெடுங்காலம் அந்த வகை காட்டில் யார் கண்ணிலும் படவில்லை. உலகத்திலேயே மிஞ்சியது வியன்னாத் தொட்டியில் இருக்கும் அந்த ஒன்றுதான் என்று நம்பினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருடால்ஃப் மார்லோத் என்பவர் கேப் பகுதியில் மீண்டும் கண்டுபிடித்த பிறகுதான் மற்றவையும் உண்டு என்று தெரிந்தது.

அந்தப் பழைய ஃபோக்கியா இன்னும் வியன்னாவில் உயிரோடு இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல். தொட்டியில் வாழும் சதைப்பற்றுச் செடிகளில் மிக மூத்தது என்று அதைச் சொல்கிறார்கள். எத்தனை தலைமுறைத் தோட்டக்காரர்கள் அதைத் தொட்டி மாற்றியிருப்பார்கள்! அதுவே கடைசிச் செடி என்று நம்பிக்கொண்டு அதன் வேரில் கை வைத்தவனின் மனசு எப்படி அடித்துக்கொண்டிருக்கும்! நானும் மாற்றினேன், பதின்மூன்று வருடச் செடியை. இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டேன்.

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். இலையை மண்ணில் போட்டால் ஓரமெல்லாம் குட்டி முளைக்குமே, அந்தச் செடிதான். காலையில் நல்ல புளிப்பு. நடுப்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசான கசப்பு. இதை லண்டனில் இருந்த லாம்பர்ட் என்ற தாவரவியலாளருக்குக் கடிதமாக எழுதினார். 1813-ல் லின்னேயன் கழகத்தில் அதைப் படித்தார்கள், சில ஆண்டுகளில் அச்சிலும் வந்தது.

காரணம் பிற்காலத்தில்தான் முழுவதும் விளங்கியது. சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். அப்போது நீரும் ஆவியாகிப் போகும். ரணகள்ளி போன்றவை பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிரில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றிச் சேமிக்கின்றன. காலைப் புளிப்பு அதுதான். வெயில் ஏற ஏற அந்த அமிலம் செலவாகிவிடும். சதைப்பற்றுச் செடிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வழியில் இப்படித்தான் சிக்கனம் பிடிக்கின்றன.

இதற்கும் தொட்டிக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. செம்பருத்திக்கு ஒரு சொம்பு தண்ணீர் விட்டால், நாளைக்குள் அதுவே உறிஞ்சி மண்ணைக் காயவைத்துவிடும். சிக்கனக்காரச் செடிக்கு அதே சொம்பை விட்டால் அது குடிக்காது. தண்ணீர் மண்ணிலேயே தங்கும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். வேர் மூச்சுத்திணறிச் சாகும். செத்த வேரில் பூஞ்சை ஏறும். அந்த நீரை வெளியேற்றச் செடியால் முடியாது, தொட்டிதான் செய்ய வேண்டும். ஆக, மண்தொட்டியின் சுவர் சதைப்பற்றுச் செடிக்கு இரண்டாவது உடம்பு மாதிரி.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் மண்தொட்டி பெரிய தொழிலாகவே வளர்ந்தது. ஒரு பிடிப்புக் களிமண்ணிலிருந்து எத்தனை தொட்டி வருமோ, அந்த எண்ணே அளவின் பெயர். அறுபது என்றால் சுமார் மூன்று அங்குலத் தொட்டி, நாற்பத்தெட்டு என்றால் சுமார் ஐந்து அங்குலம். எண் ஏற ஏறத் தொட்டி சிறியது. 1930களில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர் தொட்டி மண்ணுக்கு ஒரு கணக்கு வகுத்தார்கள். ஏழு பங்கு மண், மூன்று பங்கு பீட், இரண்டு பங்கு மணல், அதோடு உரம். பீட் என்பது சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி.

1950களிலும் 60களிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மண்ணையே விட்டுவிட்டுப் பீட்டை முதன்மையாக வைத்துக் கலவைகள் செய்தன. அதே காலத்தில் பிளாஸ்டிக் தொட்டியும் வந்தது. எடை குறைவு, உடையாது, லாரியில் அடுக்கலாம். பிறகு பீட்டுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவு வந்தது. நம் பொள்ளாச்சியிலிருந்து உலகெங்கும் போகிறதே, அந்தக் கோகோபீட். நர்சரிக்காரருக்கு இது வசதி. தினம் தண்ணீர் ஊற்ற வேண்டாம், செடி வாடாது. பெரும்பாலான செடிகளுக்கு நல்லதும்கூட. ஆனால் அடீனியத்துக்கு அது நனைந்த கம்பளி.

இப்போது என் தவறுகளை வரிசையாகச் சொல்கிறேன், மதிப்பெண் நீங்களே போடுங்கள்.

முதல் தவறு மாதம். ஐப்பசி அடைமழையில், செடி ஓய்வுக்குப் போகும் நேரத்தில் மாற்றினேன். மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போது மாற்றினால் அறுந்த வேர் சீக்கிரம் ஆறும்.

இரண்டாவது, வேரைச் சுற்றியிருந்த பழைய கோகோபீட் கட்டியை உதிர்க்காமல் அப்படியே வைத்தேன். வெளியே புது மண் காய்ந்தது. நடுவில் கம்பளி ஈரமாகவே இருந்தது.

மூன்றாவது, தொட்டி. அழகாக இருக்கிறதே என்று எனாமல் வண்ணம் அடித்ததை வாங்கினேன். நுண்துளை எல்லாவற்றையும் வண்ணம் அடைத்துவிட்டது. பெயர்தான் மண்தொட்டி, வேலைக்கு அது பிளாஸ்டிக் தொட்டியே. போதாததற்கு, வேரைவிட ஆறு அங்குலம் அகலமானது.

நான்காவது, நட்ட கையோடு ஒரு வாளித் தண்ணீர். தொட்டிக்கு அடியில் தட்டு வேறு, தரை அழுக்காகக் கூடாதாம்.

ஐந்தாவது தவறுதான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது. பசுமைப்படை மாணவர்களுக்கு வருடா வருடம் நான் சொல்லிக்கொடுத்தேன், "தொட்டி அடியில மூணு விரல் உயரத்துக்கு ஓட்டாஞ்சில்லு போடுங்க, தண்ணி நல்லா வடியும்" என்று. அது தவறு. மண்ணின் சிறிய இடுக்குகள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். கீழே பெரிய இடைவெளி இருந்தால், மேலே மண் முழுக்க நனைந்து தாங்க முடியாத நிலை வரும்வரை நீர் அதற்குள் இறங்காது. சில்லுக்கு மேலேயே ஓர் ஈர அடுக்கு தங்கிவிடும். மூன்று விரல் சில்லு போட்டால் அந்த ஈரம் மூன்று விரல் உயர்ந்து வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

நம்பிக்கை வரவில்லையா? பாத்திரம் துலக்கும் செவ்வகப் பஞ்சை நனைத்து, படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும், பிழியாமல் அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்டும். அடியில் தங்கும் ஈர அடுக்கின் உயரம் ஒன்றுதான், பஞ்சு உயரமானால் மேல்பக்கம் காய்கிறது. தொட்டியும் இப்படியே. ஓட்டையை மூட ஒரே ஒரு வளைந்த ஓடு அல்லது சிறு வலைத்துண்டு போதும், மண் கொட்டாமல் இருக்க. மற்ற இடமெல்லாம் ஒரே கலவையாக இருக்கட்டும்.

சரியான முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்ணம் அடிக்காத மண்தொட்டி, வேர்ப்பந்தைவிட ஓரிரு அங்குலம் மட்டுமே பெரிதாக. மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். காய்ந்த மண் தானாக உதிரும். பழைய கோகோபீட்டைக் கையால் உதிர்த்து, அழுகிய வேரைச் சுத்தமான கத்தியால் நறுக்கி, செடியை மண் இல்லாமல் நிழலில் நான்கைந்து நாள் போட்டு வையுங்கள். பயப்படாதீர்கள், தாய்லாந்திலிருந்து அடீனியம் மண்ணே இல்லாமல் காகிதத்தில் சுற்றித்தான் வருகிறது. பிறகு ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணலும் சலித்த செங்கல் பொடிக்கல்லும், கொஞ்சம் மக்கிய எரு. தூசி போன்ற நைஸ் மணல் ஆகாது. உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். அதன்பின், விரலை ஆழமாக விட்டுப் பார்த்து முழுவதும் காய்ந்திருந்தால் மட்டும், அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். தட்டில் நின்றதைக் கொட்டிவிடுங்கள்.

செடி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மார்கழியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கத்தி எடுத்தேன். வெள்ளைச் சதை தெரியும்வரை அழுகலை வெட்டி எறிந்தேன். யானைக்காலில் முக்கால் பங்கு போயிற்று. வெட்டிய இடத்தில் மஞ்சள்தூள் தடவி, மாடிப்படிக்குக் கீழே மூன்று வாரம் தலைகீழாகத் தொங்கவிட்டேன். வந்த பையனுக்கு நான் காட்டாமல் மறைத்தது அதைத்தான். தை கடைசியில் வண்ணமில்லாத எட்டு அங்குலத் தொட்டியில் வைத்தேன். மாசி முழுக்க ஒன்றுமில்லை. போன வாரம் உச்சியில் அரிசி அளவுக்கு இரண்டு துளிர். நேற்று எண்ணினேன், ஐந்து.

பழைய பருமன் இனி எளிதில் வராது. என் காலத்தில் வருமா என்பதும் சந்தேகமே. ஆனால் உயிர் இருக்கிறது. அடுத்த முறை வருகிறவர்களை நானே மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டுவேன்.

அதுவரை ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுச் செடித் தொட்டிகளைத் தூக்கி அடியைப் பாருங்கள். ஓட்டை இருக்கிறதா, வேரோ மண்ணோ அடைத்திருக்கிறதா என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். என்னிடம் படித்து மூன்று விரல் சில்லு போட்டவர்கள் கையைத் தூக்குங்கள், திட்டமாட்டேன். இந்த முறை தப்பு டீச்சருடையது.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்